வேதியியல் சாரும் ஒரு சம்படமும்

அம்மாவின் ஒற்றை அறை வீட்டு அலமாரியில் ஒரு எவர்சில்வர் சம்படம் இருக்கிறது. மூடியில் என் பெயர் வெட்டியிருக்கும். பதினொன்றாம் வகுப்பு வரை அதில்தான் எனக்குச் சோறு கட்டினாள். அப்புறம் யாரும் அதில் சாப்பிட்டதில்லை.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் பெண்கள் பள்ளியில் வேதியியல் சாருக்கு நோட்ஸ் சார் என்று பெயர். அவர் வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். விரல் வலிக்கும், மண்டையில் ஒன்றும் ஏறாது. ஆனால் பரீட்சையில் எல்லோரும் தேறிவிடுவோம் என்பதால் தலைமையாசிரியருக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, அந்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். முதலில் வாசிப்பதைப் பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும், சொல்லுங்க" என்றார். திருதிருவென்று முழித்தோம். பிறகு நாலு நாலு பேராக உட்காரவைத்து எங்களையே பேசவிட்டார். கடைசியில் சாக்பீஸை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். "சார் ஓபி அடிக்காரு" என்று பெற்றோர் சிலர் புகார் சொன்னார்கள். எனக்கோ அப்போதுதான் பள்ளிக்கூடமே பிடித்தது.

ஒருநாள், "வீட்டுல இருக்க வேதிப்பொருள் ஏதாச்சும் கொண்டு வாங்க, அத வச்சே பாடம் படிப்போம்" என்றார். மற்றவர்கள் புளி, சோடா உப்பு, சுண்ணாம்பு என்று கொண்டுவந்தார்கள். நான் சம்படத்தில் மருந்து கொண்டுபோனேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற பொடி. சீசனில் அம்மா யாருக்கும் தெரியாமல் வீட்டிலேயே பட்டாசு செய்வாள். எனக்கு அது உப்பு, மிளகாய் போல ஒரு வீட்டுச் சாமான், அவ்வளவுதான்.

மூடியைத் திறந்ததும் சாரின் முகம் வெளிறிப்போனது. எல்லோரையும் மைதானத்துக்கு விரட்டிவிட்டு, சம்படத்தை மணல் வாளியில் இறக்கி வைத்தார். என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"இது எங்கன இருந்துச்சும்மா?"

"அடுப்புக்குப் பக்கத்துல, சார்."

வெளியே சொன்னால் அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். சொல்லாவிட்டால் நாங்கள் அந்த அறையில்தான் தூங்க வேண்டும். இரண்டும் அவருக்குத் தெரிந்தது. பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டிவிட்டு, காலிச் சம்படத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். ஒரே அறையில் அடுப்பும் மருந்தும் இருக்கின்றன, எதை வெளியே வைப்பீர்கள்? யார் வீடு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பாதிப் பேருக்கு அது அவரவர் வீடுதான். மருந்தைத்தான் என்று எல்லாக் குழுவும் சொன்னது. நான் எழுந்து, "மருந்த வெளிய வச்சா ஊரே பாக்கும் சார். அடுப்பத்தான் வெளிய வைக்கணும்" என்றேன். சார் கேள்வியை அழித்துவிட்டு வகுப்பை முடித்தார். அன்று சாயங்காலமே அம்மாவிடம் அடம்பிடித்து அடுப்பை வாசலுக்கு மாற்ற வைத்தேன். மறுநாள் அதைச் சாரிடமும் சொன்னேன்.

போன மாதம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்று உடம்பு தளர்ந்திருந்தது. நலம் விசாரிக்கும் முன்பே, "அடுப்பு உள்ள வந்துருச்சாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"எல்லாரையும் பதில் சொல்ல வச்சேன். ஒனக்கு மட்டும் என்னால பதில் சொல்ல முடியலம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாரமே அம்மாவைப் பார்க்கப் போனேன். நல்ல மழை. வாசலில் தகரத்துக்கடியில் அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்ச் சம்படத்தைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் அதே பொடி. மூடி வைத்துவிட்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றேன்.

"ஏந்தாயி நனைஞ்சுக்கிட்டு நிக்கிற? உள்ள போயி இரு" என்றாள் அம்மா.