தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

நேற்று காலை கதவைத் திறந்தபோது சித்தியின் பழைய கொழுந்துக் கூடை என் வீட்டு வாசலில் இருந்தது. முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலை பறிக்கப் போகும் அந்தப் பிரம்புக் கூடைக்குள், துணியில் முடிந்த கொஞ்சம் தவிடு. கொண்டுவந்து வைத்தவர் கதவைக்கூடத் தட்டவில்லை. உள்ளே நிறைமாதமாக இருக்கும் என் மகள் சோபாவில் சாய்ந்து கைப்பேசியில் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். சமஸ்கிருதத்தில் இதற்குச் சூரியன் என்று பொருள், அரபியில் அதற்கு ஒளி, கிரேக்கத்தில் இன்னொன்றுக்கு வெற்றி என்று ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். நான் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. மலாய் நாட்டு மலையில், ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவருடைய முதல் இரண்டு ஆண் குழந்தைகளுக்கும் ஊரே மெச்சும்படிப் பெயர் வைத்தார்கள். ஒன்றுக்கு வெல்பவன் என்று பொருள், மற்றதற்கு நீண்ட ஆயுள் உள்ளவன். இரண்டு பேருமே தவழ்வதற்கு முன்பு போய்ச் சேர்ந்தார்கள். கிளினிக்கில் இருந்த மலாய் மிசி, அந்த நர்சம்மா, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, பெயர் பாரமாக இருந்திருக்கும், சின்ன உடம்பால் தூக்க முடியவில்லை என்றாராம். அவர்கள் சனத்தில் பிள்ளை நோஞ்சானாகப் போனால் உடனே பெயரை மாற்றிவிடுவார்களாம்.

மூன்றாவதும் ஆண் பிள்ளை. இந்த முறை சித்தி நம் ஆட்கள் வழியிலேயே போனார். குழந்தையைக் கொழுந்துக் கூடையில் போட்டு, பக்கத்தில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த சீன அக்காவிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார். பிறகு ஒரு முடிச்சுத் தவிட்டோடு போய் அதே குழந்தையை விலைக்குக் கேட்டார். பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது என்றால் எமன் தேடி வரமாட்டானாம். சீன அக்காவுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய அண்ணனையும் வீட்டில் நாய்க்குட்டி என்றுதான் கூப்பிட்டார்களாம். தவிடு போதாது என்று முகத்தைச் சுளித்துப் பேரம்கூடப் பேசினார். வாங்கிய தவிட்டைக் கோழிகளுக்குப் போட்டார். பிள்ளைக்குத் தவிடு என்றே பெயர் பதிந்தார்கள், பிள்ளையும் பிழைத்துக்கொண்டான்.

அவன் எனக்குத் தம்பி. பள்ளியில் அந்தப் பெயரால் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. வளர்ந்து, காய்கறி ஏற்றும் லாரி ஓட்டத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டான். ராஜாக்களுக்கு வைக்கிற பெயர். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவனோ லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே சிவப்பில் பெரிதாக எழுதி வைத்தான்.

"மாத்துனா மாத்திக்க, தவிடு. அத எதுக்குடா லோரில எழுதி ஊரெல்லாம் காட்டுற?" என்றார் சித்தி.

"இந்தக் காலத்துல இதெல்லாம் யாரும்மா பாக்குறா? பேசாம இரு லா!"

சித்தி பேசாமல்தான் இருந்தார். ஆனால் தினமும் விடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, ஈர மண்ணை அள்ளி அந்த எழுத்தின்மேல் பூசுவார். தம்பி திட்டிக்கொண்டே குழாயை நீட்டிக் கழுவுவான். நாங்கள் பார்த்துச் சிரிப்போம்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மதியம் நான் சித்தி வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து அடைமழை, அன்று பூசிய மண்ணைக் கழுவும் வேலைகூடத் தம்பிக்கு இருக்கவில்லை. போன் அடித்தது. ஓர் ஆண்குரல் மலாயில், அந்தப் புதுப் பெயரைச் சொல்லி, அவருடைய வீடுதானா என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. சித்தி, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. மறுபடியும் அதையே சொல்லி வைத்தார். மூன்றாம் முறை நான் கையை நீட்டினேன். சித்தி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"ஆமான்னு மட்டும் சொல்லிடாத."

நான் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? தாப்பாவுக்கு இறங்கும் பாதையில் மலை சரிந்து லாரியை மூடியிருந்தது.

காட்டை வெட்டிக் காய்கறி வளர்க்கப் பிளாஸ்டிக் கூரை போட்டுக்கொண்டே போனால் மலை சரியத்தான் செய்யும். சரிகிற மண்ணுக்குப் பெயர் படிக்கத் தெரியாது. இதெல்லாம் எனக்கும் தெரியும். சித்தி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எரித்தது யாரையோ, தவிடு லாரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று இன்றும் சொல்கிறார். நான் போனில் ஆமாம் என்ற அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை.

இன்று காலை மகள் ஒரு பெயரை முடிவு செய்துவிட்டாள். நல்ல பெயர், பொருளும் நல்ல பொருள். வயிற்றைத் தடவியபடி அந்தப் பெயரைச் சொல்லி வாய்விட்டுக் கூப்பிட்டாள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது.

"எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு. மெதுவாச் சொல்லு."

"எதுக்கு மெதுவா? அந்தக் கூடைய மொதல்ல தூக்கிப் போடு லா, ஒரே தூசி."

நான் போடவில்லை. கூடையைத் துடைத்து, தவிட்டு முடிச்சு நனையாமல் அடுப்பங்கரையில் எடுத்து வைத்திருக்கிறேன். சீன அக்கா எப்போதோ போய்விட்டார். எங்கள் பக்கத்து வீட்டில் பூந்தோட்டத்தில் வேலை செய்யும் நேபாளத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். தமிழ் தெரியாது, மலாயும் அரைகுறை. பிறக்கப்போகும் பிள்ளையை வாங்கிக்கொண்டு தவிட்டுக்குத் திருப்பித் தா என்று அவளிடம் எப்படிச் சொல்லிக் கேட்பது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கூடையைக் காட்டினாலே அவளுக்குப் புரிந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது.