இறங்கும்போது சொப்பு

மிளகாய் வத்தல் நெடியில் தும்மிக்கொண்டேதான் நான் முதன்முதலில் வரைபடம் பார்த்தேன். திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் வேலை பார்த்த அப்பாவின் சட்டையில் எப்போதும் அந்த நெடி இருக்கும். முழுப்பரீட்சை லீவு விட்டதும், ஒன்பது வயது நானும் ஆறு வயதுத் தம்பி முருகேசனும் அவரை ஒட்டி உட்கார்ந்துகொள்ள, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர் பாபநாசம் மலைக்குப் போகும் வழியை வரைவார். நாக்கில் தொட்டால் ஊதாவாக எழுதும் பென்சில் அது. வரைந்து முடிப்பதற்குள் அவர் உதடும் ஊதாவாகிவிடும்.

ஜங்ஷனில் முதல் பஸ், பத்தமடையில் இறங்கிப் பாய் பார்ப்பது (பார்ப்பது மட்டும்தான்), அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்புக் கடை, பாபநாசத்தில் ஆற்றுக் குளியல், புளிசாதம், அப்புறம் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் வரை நடை. "ஏறுதப்ப ஒண்ணும் வாங்கப்பிடாது, சுமக்கது யாரு? இறங்குதப்பதான் சொப்பு" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். மலையும் அருவியும் யாருக்கு வேண்டும்? அந்தச் சொப்புக்காக மட்டுமே நான் ஏறத் தயாராக இருந்தேன்.

ஏறியதும் நன்றாக நினைவிருக்கிறது. வேர்கள் வழுக்கின, அப்பா கையைப் பிடித்துக்கொண்டார், வெயிலில் சுட்ட தட்டைப் பாறையில் உட்கார்ந்து புளிசாதம் தின்றோம், முகத்தில் சாரல் தெறித்தது. இறங்கும்போது ஓலைப்பெட்டி நிறையச் சிவப்பும் பச்சையுமாகச் சொப்பு: அடுப்பு, குடம், திருகை, எல்லாம் என் கட்டைவிரல் உயரம். பாபநாசம் கோயிலுக்குப் பிற்பாடு பலமுறை போயிருக்கிறேன், மலை மட்டும் ஏறியதில்லை. அதுதான் ஒருமுறை ஏறியாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

இப்போது அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அடுத்த மாதம் மூட்டு அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு மலைப் பேச்சே எடுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன்னால், அவர் எங்களைக் கூட்டிப்போன அதே பாறைக்கு அவரைக் கூட்டிப்போய்விட வேண்டும் என்று நானும் தம்பியும் பேசிக்கொண்டோம். ஒரு சனி, ஞாயிறு போதும். நான் மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் இருக்கும் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நாங்குநேரியில் வேலை பார்க்கும் தம்பியைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுத் திட்டத்தைத் தொடங்கினேன். அப்பாவின் முட்டி அந்தப் பாறை வரை தாங்குமா என்று நான் கேட்டதும்தான் வினை ஆரம்பித்தது.

"படி இருக்கும்லாக்கா, நூறு படியாவது இருக்கும்" என்றான் அவன். "ஏலே, படியே கிடையாதுலே, வேர்தான்" என்றேன். "நீ குத்தாலத்தச் சொல்லுத." குரங்கு புளிசாதத்தைப் பிடுங்கியதாம், அவன் அழுதானாம், அம்மா துரத்தினாளாம். குரங்கா? நான் ஒரு குரங்கையும் பார்க்கவில்லை. என் நினைவில் அம்மாவே மலைக்கு வரவில்லை. ஒரே நாளில் கிளம்பிய இரண்டு பேர் இரண்டு மலைக்கா போனோம்? இதில் எதை நம்பி ஒரு கிழவரை ஏற்றுவது?

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன கூத்தடிக்கிய ரெண்டு பேரும்? நாம எங்கட்டி போனோம்? மூணு வருசம் கெளம்புனோம், மூணு வருசமும் லோடு வந்திருக்குன்னு கடையில இருந்து ஆள் வந்துட்டான். கட்டுன புளிசாதத்த மொட்டமாடியில வச்சுத் தின்னோம்."

"அப்ப சொப்பு?"

"நீ அழுதியேன்னு சாயங்காலம் ரதவீதியில வாங்கியாந்தாரு. மலையில வாங்குனதுன்னு சொல்லிக் குடுத்தாரு."

நான் அப்பாவைப் பார்த்தேன். பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தப்புச் செய்து அகப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "பிள்ளைக போனதாத்தான நெனச்சிட்டு இருந்திய" என்றார். "அப்படியே இருந்திருக்கலாம்."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அந்தக் காலண்டர் தாள்கள் எப்போதோ போய்விட்டன, சொப்பும் போய்விட்டது. அன்று காலை என் பாறையும் போயிற்று. அது மொட்டைமாடிதான் என்று வைத்துக்கொண்டாலும், முகத்தில் தெறித்த சாரல் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்பா பைய எழுந்து கண்ணாடியைத் தேடினார். "ஒரு தாள் கொண்டாம்மா. பஸ் நேரமெல்லாம் குறிச்சுக்கிடுவோம்."

"தாளும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இப்பமே செருப்பப் போடுங்கப்பா" என்று கத்திவிட்டேன். "யக்கா, நான்?" என்று போன் கேட்டது. "நீ நேரா பாபநாசத்துக்கு வாலே."

அப்பா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகச் செருப்பில் நுழைத்தார். பிறகு நிமிர்ந்து, பழைய கண்டிப்போடு, "சொப்பு இறங்குதப்பதான்" என்றார்.

"இல்லப்பா, ஏறுதப்பவே வாங்கிருவோம். நான் சுமக்கேன்."