தர முடியாத அந்த ஒன்று

வெர்லீன் டப்ஸ் அன்றைய தபாலைப் பிரித்து ஒவ்வொரு தாளிலும் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். குத்தியதெல்லாம் முன்மேசைக் கூடைக்குப் போகும். ஃப்ளோரிடாவின் அந்தச் சின்ன நகராட்சியில் யார் வேண்டுமானாலும் வந்து கூடையைப் புரட்டலாம். பெயரும் காரணமும் சொல்ல வேண்டியதில்லை. முதியோர் இல்லத்தில் படுக்கைப் புண் துடைக்கும் வேலை பார்த்துவிட்டு எழுத்தர் வேலைக்கு வந்தவள் வெர்லீன். கேட்டதை ஒளிக்காமல் கொடுப்பது அவளுக்கு ஊறிப்போன பழக்கம்.

அன்று ஒரு தாள் மட்டும் கூடைக்குப் போகவில்லை. அரசு வழக்கறிஞரின் ஆள் நேரில் வந்து கொடுத்த அழைப்பாணை. சாலைப் பிரிவின் சம்பளத் தாள்களை ஒப்படைக்க வேண்டும். விசாரணை நடப்பதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. அந்தத் தாள்களைக் கையாள்பவள் சம்பளக் கணக்கு எழுதும் நடீன் ஒருத்திதான். வேலைக்கே வராதவர்கள் பெயரில் சம்பளம் போவதை அரசு வழக்கறிஞரிடம் வேறு யார் சொல்லியிருக்க முடியும்? வெர்லீன் தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மதியம் சாலைப் பிரிவுத் தலைவன் ராய்ஸ் ஹட்டோ வந்து கூடையை அடிவரை புரட்டினான்.

"மிஸ் வெர்லீன், கூடை ரொம்ப மெலிஞ்சு கிடக்கே. பட்டினி போடுறீங்களா?"

"வந்ததைத்தானே போட முடியும்? நானே உக்காந்து கடுதாசி எழுதவா?"

"காலைல டை கட்டின ஒருத்தன் வந்தானாமே. அவன் கொடுத்ததைக் காட்டுங்க. பொது ஆவணம்தானே?"

இல்லை என்றால் பொய். பொய் அவளுக்கு வராது. 'எழுதிக் கொடு, பார்த்துச் சொல்கிறேன்' என்று அனுப்பிவிட்டு நகராட்சி வக்கீலைக் கேட்டிருக்கலாம். ஆனால், மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்று பழகிப்போன வாய் முந்திக்கொண்டது.

"அந்த ஒண்ணைத் தர முடியாது, ராய்ஸ். சட்டத்துல விலக்கு இருக்கு."

விலக்கு என்றாலே விசாரணை நடக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

ராய்ஸ் சிரித்தான். "அது போதும் எனக்கு. ஆமா, நடீன் இன்னும் அந்த ஏரிப்பக்கத்து வீட்லதான் தனியா இருக்காளா?"

பதிலுக்குக் காத்திராமல் தொப்பியை வைத்துக்கொண்டு வெளியேறினான். வெர்லீன் தொலைபேசியை எடுத்தாள். அரசு வழக்கறிஞர் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். இயந்திரம்தான் எடுத்தது.

"உங்க விஷயம் என் வாயாலேயே வெளிய போயிருச்சு. தப்பு என்னோடது. நடீனைப் பாருங்க" என்று பதிவு செய்தாள். யாரும் திருப்பி அழைக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தைத் திறக்காமல் நடீன் வீட்டுக்குக் காரை விட்டாள். எதிரே பைன் மரங்களுக்கு அடியில் நகராட்சிச் சாலைப் பிரிவின் லாரி ஒன்று, இஞ்சினை அணைக்காமல் நின்றது.

"மாத்திரையை எடுத்துக்க. ரெண்டு துணி எடுத்துக்க. ஏறு வண்டில."

"எங்க, மிஸ் வெர்லீன்? என்னாச்சு?"

"அதை நான் சொல்லக் கூடாது. ஏறுடி முதல்ல."

நடீன் லாரியைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து வண்டியில் ஏறினாள்.

லாரி அவசரமில்லாமல் பின்னாலேயே வந்தது. அரசு வழக்கறிஞர் அலுவலக வாசலில் வெர்லீன் நடீனை இறக்கி, கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் மூடும்வரை நின்று பார்த்தாள். தெருவின் மறுபக்கம் லாரியும் நின்றது.