கொய்யா வீசிய கை

ராட்சத ஆமைகள் வாழும் சாந்தா குரூஸ் தீவின் மேட்டுநிலப் பண்ணைக்காரி ஹசிந்தாவுக்குச் சும்மா உட்காரவே வராது. அவளைப் போய் ஓர் ஆமையை நாள் முழுக்கப் பார்த்துக் குறிக்கிற வேலைக்கு ஆய்வாளர்கள் வைத்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் குறிக்க வேண்டும்: தின்கிறது, நடக்கிறது, தூங்குகிறது.

ஒரு வாரத் தாள்களைப் புரட்டிய ஆய்வாளர் செகுந்தோ தலையைச் சொறிந்தார்.

"மத்த ஆமையெல்லாம் பாதி நாள் தூங்குது, ஹசிந்தாம்மா. உங்க பத்தொன்பதாம் நம்பர் மட்டும் விடிஞ்சதுல இருந்து தின்னுக்கிட்டே இருக்கு. அது வயிறா, கிணறா?"

"நான் ஓடியாடிக்கிட்டே இருந்தா, அதைப் பாக்குற ஆமைக்கும் பசிக்கத்தான் செய்யும்."

சொல்லும்போதே அவள் கை பண்ணைப் பழக்கத்தில் காலடியில் விழுந்துகிடந்த கொய்யாப் பழத்தை எடுத்து வேலிப் பக்கம் வீசியது. ஆமை அதைத் தின்னப் போனது. செகுந்தோ அவள் கையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

மறுநாள் நமநமக்கும் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தாள். ஆமை தின்னவில்லை, நடக்கவில்லை, தூங்கவுமில்லை. கழுத்தை நீட்டி அவளையே பார்த்தது. அதற்குத் தாளில் கட்டம் கிடையாது. ஓரத்தில், 'காத்திருக்கிறது' என்று எழுதினாள்.

மாலைக்குள் அதை முப்பத்தாறு முறை எழுதியிருந்தாள்.