இருநூற்றில் ஒரு ஹெட்போன்

அன்னக்கொடிக்கு வேலையே கேட்பதுதான். காலை எட்டரைக்குக் கப்பலூர் தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் மாலை ஐந்தரைக்கு வெளியே வரும்வரை, பிளைவுட் தடுப்பு வைத்த ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டுவாள், கழற்றுவாள். நன்றாக இருந்தால் வலப்பக்கத்துப் பெட்டி, இல்லாவிட்டால் இடப்பக்கத்துப் பெட்டி.

ஹெட்போனின் பெயர் தேனொலி. பட்டறையின் முதலாளி ஆசீர்வாதம், மிஷன் பள்ளியில் பன்னிரண்டு வருடம் இயற்பியல் நடத்திவிட்டு, வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தவர். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ஹெட்போன் டவுன்ஹால் ரோட்டில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு விற்ற காலம் அது. தேனொலி அறுபத்தைந்து ரூபாய். டேப் ரிக்கார்டர் வாங்கவே மூச்சு முட்டிப்போன குடும்பங்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

அன்னக்கொடி பக்கத்து உரப்பனூர்க்காரி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, சோணைக்கு வாழ்க்கைப்பட்டு, 1981இல் பட்டறை ஆரம்பித்தபோது ஈயம் பற்றவைக்கிற பெஞ்சில் சேர்ந்தாள். ஆறாம் மாதத்தில் ஒருநாள், ஆசீர்வாதம் சோதித்து முடித்து வைத்திருந்த ஒரு ஹெட்போனை விளையாட்டாக மாட்டிப் பார்த்தவள், "சார், இதுல எடது பக்கம் கம்மியா இருக்கு" என்றாள். அவர் மீட்டரை வைத்துப் பார்த்தார். கம்மியாகத்தான் இருந்தது. இன்னும் ஐந்தாறைக் கொடுத்துப் பார்த்தார். அவள் சொன்னது ஒன்றும் தப்பவில்லை. எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டார். கிணற்றடியில் மோட்டார் ஓடும்போது தண்ணீர் ஏறுகிறதா, வெறும் காற்றை இழுக்கிறதா என்று வீட்டுக்குள் இருந்தபடியே சொல்லிவிடுவாள். அதுமாதிரிதான் இதுவும் என்றாள். மறுவாரமே அவளைத் தடுப்பறைக்கு மாற்றிவிட்டார்.

சோதிப்பதற்கென்று அவர் ஒரு கேசட் தயார் செய்து கொடுத்திருந்தார். முதலில் கொஞ்சம் நாதஸ்வரம், பிறகு தவில், அப்புறம் அவருடைய குரலிலேயே "இடது… வலது… இடது… வலது…". "எங்க வீட்டுக்காரர் கொரல விட ஒங்க கொரலத்தான் சார் நான் அதிகமாக் கேட்டுருக்கேன்" என்று அவள் சொன்னபோது கொட்டகையே சிரித்தது.

1985 தை மாதம் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு மாதப் பத்திரிகையில் 'வாங்குமுன் ஒரு வார்த்தை' என்ற பகுதி வந்துகொண்டிருந்தது. மிக்ஸி, பிரஷர் குக்கர், மின்விசிறி என்று ஒவ்வொன்றையும் பயன்படுத்திப் பார்த்து, வாங்கலாமா வேண்டாமா என்று எழுதுவார்கள். 'பரிசோதகர்' என்ற பெயரில் எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் வேண்டாம் என்று எழுதினால் கடைக்காரர்கள் கலங்குவார்கள். அடுத்த இதழில் குறைந்த விலை ஹெட்போன்களைப் பற்றி எழுதப்போகிறோம், ஒன்று அனுப்பிவையுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ஆசீர்வாதம் கடிதத்தை எடுத்துக்கொண்டு தடுப்பறைக்கு வந்தார். "அன்னக்கொடி, நல்லதா ஒன்னு பொறுக்கி எடும்மா."

அவள் இரண்டு நாள் உட்கார்ந்து இருநூறு ஹெட்போன் கேட்டாள். அதில் ஒன்றை மாட்டியதும் கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே குரல். தவில் நெஞ்சுக்குள் இறங்கியது. இரண்டு காதுக்கும் ஒரே வார்ப்பில் வந்த ஒலித்தகடுகள் தற்செயலாக அமைந்துவிட்டிருந்தன. பட்டறைக்கு அந்தத் தகடுகள் இரண்டு இடங்களிலிருந்து வந்து ஒரே தொட்டியில் கலந்து கிடக்கும். கைக்கு வந்ததை எடுத்துப் பற்றவைப்பார்கள். எப்போதாவதுதான் இப்படி ஜோடி சேரும். அதைத் துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து அனுப்பினாள். அன்றைக்கு அவளுக்கு அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் நல்ல சேலை கட்டுவது போலத்தான் நினைத்தாள்.

பங்குனியில் பத்திரிகை வந்தது. 'அறுபத்தைந்து ரூபாய்க்கு இப்படி ஒரு ஒலியா என்று நானே மூன்று முறை கழற்றிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று எழுதியிருந்தார் பரிசோதகர். ஆசீர்வாதம் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். டவுன்ஹால் ரோட்டிலிருந்து மட்டுமல்ல, திருச்சி, கோயம்புத்தூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. கடைக்காரர்கள் அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள். பட்டறையில் புதிதாக ஐந்து பெண்களைச் சேர்த்தார். நாளைக்கு எண்பது போய்க்கொண்டிருந்த இடத்தில் முந்நூறு போயிற்று.

"நாதஸ்வரத்த விட்டுரு. எடது, வலது மட்டும் கேட்டா போதும்" என்றார் ஆசீர்வாதம்.

"தவிலக் கேக்காம எப்படி சார் தெரியும்?"

"சத்தம் வருதான்னு பாரு. வந்தா அனுப்பு."

அவள் அனுப்பினாள்.

ஆனி மாதம் ஒரு பிற்பகலில், மதுரையிலிருந்து பஸ் பிடித்து ஓர் அம்மாள் வந்தார். பாக்கியம் என்று பெயர். மிஷன் பள்ளியொன்றில் பாட்டு டீச்சர். மாதா கோயில் பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கப் பாட்டைக் குறிப்பெடுப்பதற்காக ஒரு தேனொலி வாங்கியிருந்தார். பெட்டியில் இருந்த விலாசத்தைப் பார்த்து நேரே வந்துவிட்டார். ஆசீர்வாதம் டவுனுக்குப் போயிருந்ததால் அவரை அன்னக்கொடியிடம் கூட்டிவந்து விட்டார்கள்.

டீச்சர் கைப்பையிலிருந்து ஹெட்போனையும், மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "ஏம்மா, இதுல எழுதியிருக்கறதையும் நான் கேக்கறதையும் வச்சுப் பாத்தா ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்லையே. பத்திரிகைக்காரன் பொய் சொல்றானா, இல்ல என் காதுதான் போயிருச்சா?"

அன்னக்கொடி மாட்டிப் பார்த்தாள். இடது பக்கம் தகர டப்பாவுக்குள் பேசுவது போல இருந்தது. வலதில் ஒரு இரைச்சல். அதன் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச்சீட்டு, அவள் பத்து விநாடி கேட்டு அனுப்பிய நாட்களில் ஒன்றைக் காட்டியது.

"ரெண்டும் பொய்யில்ல டீச்சர்" என்றாள். "ஒங்க காது நல்லாருக்கு. அவரும் கேட்டததான் எழுதிருக்காரு. அவரு கேட்டது வேற, நீங்க வாங்குனது வேற."

"ஒரே பேருதானே போட்டிருக்கு."

"பேரு ஒன்னுதான்."

அலமாரியில் தேடி ஒரு நல்ல ஹெட்போனை எடுத்து, கேசட்டை முழுக்க ஓடவிட்டு, டீச்சரையும் கேட்கவைத்துக் கொடுத்து அனுப்பினாள். டீச்சர் பத்திரிகைத் துண்டை எடுக்காமலே போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவள் ஆசீர்வாதத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, "அந்தப் பத்திரிகைக்கு நான் எழுதப்போறேன் சார். ஒங்களுக்குத் தெரியாம எழுதக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் அவருக்குக் காசு குடுத்தனா? இப்படி எழுதுன்னு சொன்னனா? நம்ம பட்டறையில செஞ்ச சாமானத்தானே அனுப்புனோம்?"

"ஆமா சார். இருநூறுல ஒன்ன அனுப்புனோம். மிச்சத்த வித்தோம்."

"எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் செய்யுது."

"இருக்கும். மத்த கம்பெனியில பொறுக்கி எடுத்தது நான் இல்லையே."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கணக்கு நோட்டைத் திறந்தார். அவள் அன்றைக்கே ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி எழுதினாள். எப்படி அந்த ஒன்றைத் தேடி எடுத்தாள் என்பதை மறைக்காமல் சொல்லி, கீழே இப்படி முடித்திருந்தாள்: 'நீங்கள் பொய் எழுதவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று சொல்ல உங்களால் முடியாது. கம்பெனி அனுப்புவதை வாங்காதீர்கள். கடையில் காசு கொடுத்து, வேறு வேறு ஊரில் மூன்று வாங்கிக் கேட்டுவிட்டு எழுதுங்கள். என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.'

ஆசீர்வாதம் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பழையபடி ஈயம் பற்றவைக்கும் பெஞ்சுக்கு அனுப்பினார்; தடுப்பறையில் வேறு ஒருத்தியை உட்காரவைத்தார். அன்னக்கொடி போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. தொட்டியில் கலந்து கிடந்த ஒலித்தகடுகளை ஒவ்வொன்றாக வயரில் தொட்டுக் கேட்டு மூன்று தட்டுகளில் பிரித்துப் போட்டாள். ஒரு தட்டில் இருப்பதை அதே தட்டில் இருப்பதோடுதான் ஜோடி சேர்த்தாள். மற்றவர்கள் நாளைக்கு முப்பது முடித்தால் அவள் இருபதுதான் முடித்தாள். மேற்பார்வை பார்த்த கருத்தக்கண்ணன், "என்னக்கா, பல்லாங்குழி ஆடுறீகளா" என்று கேலி செய்தான். ஒரு மாதம் கழித்து, கடைகளிலிருந்து திரும்பி வந்தவற்றை அடுக்கிப் பார்த்தபோது அவனே வந்து சொன்னான், அவள் பெஞ்சிலிருந்து போனதில் ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று. அதை ஆசீர்வாதமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

புரட்டாசி இதழில் பரிசோதகர் மறுபடி எழுதினார். சென்னையில் ஒன்று, திருச்சியில் ஒன்று, மதுரையில் ஒன்று வாங்கியதாகவும், ஒன்று அருமை, ஒன்று பரவாயில்லை, ஒன்று குப்பை என்றும் எழுதி, அன்னக்கொடியின் கடிதத்தைப் பெயரோடு அப்படியே அச்சிட்டிருந்தார். 'முதல் முறை நான் செய்தது தவறு. வாசகர்கள் மன்னிக்கவும்' என்றும் இருந்தது.

ஆர்டர் பாதியாகக் குறைந்தது. புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரில் மூன்று பேரை நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்களில் செல்லத்தாய் என்பவள் வாசல் கேட்டருகே நின்று, "ஒனக்கு நல்ல பேரு வாங்கணும்னு எங்க வயித்துல அடிச்சுட்டியேக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதியது சரி என்பதில் அன்னக்கொடிக்குச் சந்தேகமே கிடையாது. ஆனாலும் அந்த வாரம் முழுக்கத் தொழிற்பேட்டையில் படி படியாக ஏறி இறங்கி, அட்டைப்பெட்டிக் கம்பெனியில் செல்லத்தாய்க்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள். செல்லத்தாய் வேலைக்குப் போனாள். பேசத்தான் ஒரு வருடம் பிடித்தது.

டவுன்ஹால் ரோட்டில் தேனொலியை அதிகம் விற்றவர் அழகுமலை. அவர் ஒருநாள் நேரில் வந்து, "வாத்தியாரே, அந்தப் பொம்பளப் புள்ள கேட்டு அனுப்புனதா மட்டும் எனக்குக் குடுங்க. மத்தது வேணாம்" என்றார். ஆசீர்வாதம் அவரை அனுப்பிவைத்தார். பிறகு பெஞ்சருகே வந்து, "அன்னக்கொடி, உள்ள போய் உக்காரு" என்றார்.

"தட்டு மூணும் பெஞ்சுல இருக்கணும் சார். எல்லாரும் பிரிச்சுத்தான் பத்தவைக்கணும்."

"சரி."

"நாதஸ்வரமும் வேணும்."

"எல்லாத்தையும் கேளு. ஒரு நாளைக்கு நூறு போதும்."

அடுத்த தை மாதம், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் பட்டறைக்கு வந்தார். ஒல்லியான ஆள், கையில் துணிப்பை. "நான் தனிஸ்லாஸ். தொலைபேசி இலாகாவுல வேலை. பத்திரிகைல பரிசோதகர்ங்கறது நான்தான்" என்றார். அன்னக்கொடியைப் பார்க்க வேண்டுமென்றே பஸ் ஏறி வந்திருந்தார். ஆசீர்வாதம் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டாரே தவிர அதிகம் பேசவில்லை.

பத்து ஹெட்போனை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் தனித்தனியே கேட்டுக் காகிதத்தில் எழுதுவது என்று முடிவாயிற்று. எழுதியதை ஒப்பிட்டால் எட்டில் ஒரே பதில். மூன்றாவதும் ஏழாவதும் இடித்தன. மூன்றாவது நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். வலதில் விட்டு விட்டு வருகிறது என்று அவள் எழுதியிருந்தாள். கருத்தக்கண்ணன் அதைப் பிரித்தான். வலது பக்கத்தில் ஈயம் பாதிதான் பிடித்திருந்தது.

"சரி, ஏழாவது?" என்றார் தனிஸ்லாஸ்.

"அதுல தவில் எறங்கல. வெறும் மேல்சத்தம்" என்றாள் அவள், உறுதியாக.

"எனக்கு எறங்குதே."

அவர் அவள் மாட்டுவதைப் பக்கத்தில் நின்று கவனித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்கம்மா. அந்தத் தோட்டக் கழட்டிட்டு ஒருதரம் கேளுங்க" என்றார்.

அவள் இரண்டு தோட்டையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மாட்டினாள். தவில் நன்றாக இறங்கியது. அந்த மாதம் வந்த புதுக் காதுப்பஞ்சுகளில் சில கொஞ்சம் கெட்டி; இதில் இருந்தது அப்படி ஒன்று; தோடு தடுத்ததில் காதோடு படியாமல் இடைவெளி விட்டிருக்கிறது. மறுபடி தோட்டைப் போட்டுக் கேட்டாள், கழற்றிக் கேட்டாள். சந்தேகமில்லை.

"அப்ப ரெண்டு வாரமா நான் நல்லதையெல்லாம் ஒதுக்கிருக்கேன்" என்றாள். குரலில் வெட்கம் கொஞ்சம் இருந்தது, சிரிப்புதான் அதிகம். "கருத்தக்கண்ணா, எடப்பக்கத்துப் பெட்டியப் பூராவும் கொண்டாப்பா."

ஆசீர்வாதம் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். தனிஸ்லாஸை விடாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார்.

வாழ்க்கைப்பட்டவள் காது மூளியாக இருக்கலாமா என்று சோணை முதலில் முணுமுணுத்தான். அவள் வேலைநேரத்துக்கு மட்டும் துளையில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். அதைப் பார்த்து அவன் சமாதானமானான். ஒதுக்கி வைத்திருந்த பெட்டியில் நாற்பத்தொரு ஹெட்போன் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி கேட்டாள். முப்பத்தாறு வலப்பக்கம் போயிற்று.