மலை இல்லாத டெல்லி

வடநாட்டு யாத்திரைக்கு ஆள் கூட்டிப்போகும் பேருந்தில் எனக்குச் சமையல் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இது நல்ல பிழைப்பு. ஒரே ஊரில் இருக்கத் தெரியாதவளுக்கு இன்னும் நல்லது. டெல்லி நெருங்கும்போது பெண்கள் அடுப்புப் பக்கம் வந்து என்னிடம் விசாரிப்பார்கள். எவ்வளவு குளிரும், எங்கே குளிக்கலாம், கூட்டத்தை விட்டுவிட்டால் எங்கே நிற்பது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். நான் முதன்முதலில் டெல்லி போன கதையை மட்டும் சொன்னதில்லை.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அடி அண்ணாமலையில் எங்கள் கொல்லையில் போட்ட மூன்றாவது ஆழ்துளைக் கிணறும் வெறும் புழுதியைக் கக்கிய பிறகு, அப்பா டெல்லியில் ஓட்டல் வேலைக்குப் போயிருந்தார். முதலில் வாரம் ஒரு போன் வந்தது. பிறகு மாதம் ஒன்று. இரண்டு கார்த்திகை தீபத்துக்கு அவர் ஊருக்கு வரவில்லை. அங்கே இன்னொரு குடும்பம் இருக்கும் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மார்கழியில் நாமே போய் அப்பாவைக் கூட்டிவந்துவிடலாம் என்றாள். எனக்கு அது டூர்.

அப்பாவை விட்டால் எங்கள் உறவில் டெல்லியைப் பார்த்தவர் மாமா ஒருவர்தான், அம்மாவின் தம்பி. விவசாயிகளோடு போராட்டத்துக்குப் போய்வந்தவர். அங்கே அவர் பார்த்தது ஒரு ரயில் நிலையம், உட்கார்ந்து கோஷம் போட்ட ஒரு தெரு, ரொட்டி போட்ட ஒரு குருத்வாரா. அந்த மூன்றை வைத்துக்கொண்டே முழு டெல்லியையும் அவரால் சொல்ல முடிந்தது.

"புளிசோறு ரெண்டு நாளு தாங்கும். தயிர்சோறு வேணாம், நாக்பூர் வர்றதுக்குள்ள பூடும். பையச் சங்கிலி போட்டு சீட்டுக்கடியில கட்டு. பாப்பாவுக்கு ஸ்வெட்டர் ஒண்ணு பத்தாது, ரெண்டா போடு. யார வழி கேட்டாலும் சீதான்னுவான். நேரா போன்னு அர்த்தம், சாமி பேரு இல்ல."

"அதெல்லாம் இருக்கட்டும்டா. அங்க மலை எந்தப் பக்கம் இருக்கும்?"

எங்கள் ஊரில் யாரும் வடக்கு தெற்கு பார்ப்பதில்லை. மலைப்பக்கத்து வீடு என்போம், மலைக்கு முதுகு காட்டின கடை என்போம். எங்கே நின்றாலும் தலையைத் தூக்கினால் மலை இருக்கும். அது இருக்கும் பக்கத்தை வைத்து வீடு எங்கே என்று தெரிந்துவிடும்.

"அங்க மலையே இல்லக்கா."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "மலையே இல்லன்னா ஜனங்க எப்படிடா வூட்டுக்குத் திரும்பி வரும்?"

மலை இல்லாத அந்த ஊரைப் பல நாள் நான் கண்ணை மூடிப் பார்த்தேன். இலவம்பஞ்சு மாதிரி மனிதர்கள் மிதந்து போய்க்கொண்டே இருந்தார்கள். யாருக்கும் தன் வீடு தெரியவில்லை. அவர்களுக்கு நடுவில் அப்பா கரண்டியோடு மிதந்தார்.

அதற்கும் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். "நடு டெல்லியில ரவுண்டா ஒரு கடைத்தெரு இருக்குதாம். சுத்தி வெள்ளைத் தூணு, நடுவுல பார்க்கு, அதுல பனைமரத்தவிட ஒசரமா ஒரு கொடி. அந்தக் கொடியத்தான் மலைன்னு வச்சுக்கோ. மச்சானுக்குப் போன் போட்டு அங்க வரச் சொல்லிட்டேன்."

"ரவுண்டுல எந்த எடத்துல?"

"ரவுண்டுல எடம் என்னாக்கா எடம்? சுத்தினா ஆளு மாட்டிப்பாரு."

டிக்கெட் போட மாமா கிளம்பும்போது கேட்டார். "போறதுக்கு ரெண்டு. வர்றதுக்கு?"

"மூணு போடு."

"மச்சான் வரலன்னா ஒண்ணு வீணாபூடும்க்கா."

"மூணு போடுறா."

புறப்படுவதற்கு முன் அம்மா என்னைக் கிரிவலப் பாதையில் கூட்டிப்போய் ஒத்திகை பார்த்தாள். சோடாக் கடை அருகே சட்டென்று கையை விட்டுவிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் அசையாமல் நின்றேன். "அப்படித்தான்டி. தொலஞ்சவங்க நின்ன எடத்துலயே நிக்கணும். தேடறவங்கதான் நடக்கணும்" என்றாள்.

ரயிலில் கழிவறைப் பக்கம்தான் இடம் கிடைத்தது. புளிசோறு மாமா சொன்னபடியே தாங்கியது.

டெல்லி பனிமூட்டத்தில் பாதி அழிந்திருந்தது. கொடி தெரிந்ததும் அம்மா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கொடி வலது கைப் பக்கம் இருக்கும்படி தூண்களின் ஓரமாக நடக்க ஆரம்பித்தோம். கண்ணாடிக்குள் கம்பளிக் கோட்டு மாட்டிய பொம்மைகள் எங்களைப் பார்த்தன. சாக்குத்துணியில் சட்டை போட்ட நாய் ஒன்று வந்தது. பொம்மைகள் மறுபடி வந்தன, நாயும் மறுபடி வந்தது. கொடி மட்டும் பனிக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. தோலோடு வறுத்த வேர்க்கடலை விற்கும் வண்டியைக் கடக்கும்போதெல்லாம் நான் கையை இழுத்தேன்.

"அப்பா வரட்டும், வாங்கித் தருவாரு."

அம்மா போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். ஒரு பெண் இந்தியில் ஏதோ சொன்னாள். எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் குரல் கனிவாக இருந்தது. மறுபடி கூப்பிட்டபோதும் அவளே பேசினாள். என் கால் வலிக்கத் தொடங்கியது. வெளிச்சம் மங்கியது. நாய் படுத்துவிட்டது.

ஒரு தூணடியில் அம்மா நின்றாள். வெகுநேரம் கொடியையே பார்த்தாள்.

"நாம வலமா சுத்தறோம். அவரும் நம்ம ஊருதானே பாப்பா? அவரும் வலமாத்தான் சுத்துவாரு. எப்படி எதிர்ல வருவாரு?"

எங்கள் ஊரில் மலையை யாரும் இடமாகச் சுற்றுவதில்லை. அம்மா கொடியைப் பார்த்து, "கோச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

அப்பா அதிக தூரத்தில் இல்லை. நாங்கள் அப்போதுதான் கடந்து வந்த தூண்களில் ஒன்றின் பின்னால், தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மெலிந்து, வேறு யாருடையதோ ஒரு கோட்டு போட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நீங்களும் வலமாவே சுத்தினு இருந்தீங்களா?"

அப்பா அவளையே பார்த்தார். "ஆமா" என்றார். "சுத்திக்கினேதான் இருந்தேன்."

"அதான் பாத்தேன். நம்மூரு புத்தி எங்க போவும்?" அம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார், பிறகு கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது டிக்கெட் வீணாகவில்லை.

ஊரில் இது பெரிய சிரிப்புக் கதை ஆகிவிட்டது. கிரிவலப் பாதைக்காரன் டெல்லிக்குப் போனாலும் வலமாத்தான் சுத்துவான் என்று மாமா எல்லோரிடமும் சொன்னார். குழாயடியில்கூடச் சிரித்தார்கள், இன்னொரு குடும்பம் என்ற பேச்சு நின்றுபோனது. அப்பாவே அதை விதவிதமாகச் சொல்வார். அம்மா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவள் போலச் சிரிப்பாள்.

அன்று அந்தத் தூணடியில் நான் பார்த்தது தரையை. அப்பாவின் செருப்புக் கால் விரல்களை மூடும் அளவுக்குக் கடலைத் தோல் குவிந்து கிடந்தது. சுற்றி நடந்தவர் காலடியில் அப்படிக் குவியாது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே அம்மா தன் காலால் அந்தக் குவியலைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டதும் எதற்கென்று தெரியவில்லை. நான் அவருடைய கோட்டுப் பையில் கையை விட்டுத் துழாவினேன். ஒரு கடலைகூட இல்லை. இத்தனையையும் ஒருவரே தின்று தீர்த்துவிட்டாரே என்று ரயில் ஏறும்வரை அழுதேன்.