பஸ் நிறுத்தத்து நெருப்பு

கொளஞ்சியம்மாளின் கணவர் சாமிதுரைக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் அரியலூரில் டயாலிசிஸ். முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்துவிடுவார்.

மார்கழியில் அவரால் பஸ்ஸுக்கு நிற்க முடியவில்லை. ரத்தம் குறைந்த உடம்பு. ஸ்வெட்டருக்கு மேல் போர்வை போர்த்தியும் பல் அடித்துக்கொள்ளும். சாலையை அகலமாக்க நிழற்குடையை இடித்தவர்கள் திரும்பக் கட்டவில்லை. காட்டு வேலைக்குப் போகும் கொளஞ்சியம்மாள், பிடுங்கிப்போட்ட பருத்திமார்க் குச்சிகளைக் கட்டிச் சுமந்துவந்து நிறுத்தத்தில் மூட்டினார். முதலில் கணவருக்காக மட்டும்தான். பிறகு பூ விற்கப் போகும் பூங்காவனமும், கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களும் முக்காடு போட்டுக்கொண்டு சுற்றி உட்கார்ந்தார்கள்.

"இன்னும் ரெண்டு குச்சி போடு கொளஞ்சி. மாமாவ விட நான்தான் வெறைச்சுக் கெடக்குறேன்" என்பார் பூங்காவனம்.

"பூவ வித்து ஒரு கம்பளி வாங்கேன்."

ஒரு திங்கட்கிழமை பஸ் நிற்காமல் போய்விட்டது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். பனிக்குள் பின்விளக்கு கொஞ்சநேரம் சிவந்து தெரிந்தது, அவ்வளவுதான். மறுநாள் முதல் ஆளாக வந்தால் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியில் போனில் சொன்னார்கள்.

சாயங்காலம் திரும்பும்போது பூங்காவனம், ஏன் நிறுத்தவில்லை என்று அந்தக் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார்.

"எழவுன்னு நெனச்சுட்டோங்க. பனியில மூஞ்சி தெரியல, நெருப்பு எரியுது, எல்லாரும் முக்காடு போட்டு உக்காந்திருக்கீங்க. பறை காய்ச்சுறாங்கன்னு டிரைவர் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு."

அன்றிரவு சாமிதுரையால் படுக்க முடியவில்லை. முகம் வீங்கி, உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார்.

விடியலில் பூங்காவனம், "நெருப்பு வேணாம்டி" என்றார். கொளஞ்சியம்மாளும் மூட்டாமல் இருந்து பார்த்தார். சாமிதுரையின் உதடு கறுத்தது. "முடியல" என்றார்.

மூட்டினார். கணவரைப் பூங்காவனத்தின் மேல் சாய்த்துவிட்டு, முக்காட்டை உருவிப்போட்டுச் சாலை நடுவில் போய் நின்றார். பஸ்ஸின் சத்தம் வந்தது, பனியில் வெளிச்சம் தெரியவில்லை. அவர் நகரவில்லை.

பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "வூட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார்.

"வூட்டுக்காரரையே கூட்டிட்டு வந்திருக்கேன் சார். ஏத்திக்கிட்டுத் திட்டுங்க."

கண்டக்டர் இறங்கி வந்தார். சாமிதுரையின் கால் படியில் ஏறவில்லை, தூக்கித்தான் உட்காரவைத்தார்கள். கொளஞ்சியம்மாள் அவர் கைகளைத் தொட்டுப் பார்த்தார். நெருப்புப் பக்கம் இருந்த கை மட்டும் சூடாக இருந்தது. இன்னொன்றைத் தன் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் ஷட்டர எறக்குங்க!"